செத்துப்போன பெட்டிகளுக்கு ஒரு பரீட்சை

மே 3, சனி

வெயில். காலை எட்டரைக்கே குழாயில் வெந்நீர். நேற்று டிவியில் மாநிலத்திலேயே அதிக வெப்பம் திருத்தணி என்றார்களாம். நைனாவுக்கு ஒரே பூரிப்பு. "மொத பேரே நம்ம ஊருதாம்மா." மலைக்கு ஆட்டோ ஓட்டி ஓட்டி மண்டை காய்ந்த மனுஷன். வெந்துபோவதில் முதலிடம். வாழ்க.

புத்தகம் வந்துவிட்டது. செங்கல் கனம். அட்டையில் கோட்டு போட்ட ஒருத்தன் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தக் கம்ப்யூட்டரின் பின்புறம் எங்கள் பழைய டிவி மாதிரி புடைத்துக்கொண்டிருக்கிறது. அதிலேயே தெரிந்துபோயிற்று உள்ளே என்ன இருக்கும் என்று.

கூத்து இதுதான். ஊரில் பாதி வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கிற எங்கள் ஆபீஸைச் சென்னைக் கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கினவன் முதலில் போர்டை மாற்றினான். அப்புறம் எங்களை மாற்ற வந்தான். நெட்வொர்க் சான்றிதழ் பரீட்சை எழுதிப் பாஸானால் இப்போது பார்க்கிற வேலை. இல்லையென்றால் ஜூன் முதல் பில் வசூல். வீடு வீடாகப் போய் "இந்த மாசம் இன்னும் கட்டலீங்க" என்று பல்லிளிக்கவேண்டும். எந்தக் கம்பத்தில் எந்த ஃபைபர் திரும்புகிறது என்று எனக்குத் தெரியும். பாதியை நான்தான் நின்று இழுக்க வைத்தேன். அதற்கெல்லாம் பரீட்சை கிடையாது.

பரீட்சை ரெண்டு பகுதி. முதல் பகுதி 'அடிப்படை'. அதாவது பழைய குப்பை. ரெண்டாவது 'தற்காலம்'. ரெண்டிலும் தனித்தனியாகப் பாஸ் ஆகவேண்டும். ரெண்டாவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. முதலாவது:

டயல்-அப் மோடம் — போனில் கீச்சுக் கீச்சென்று கத்தி நெட்டைக் கூப்பிடுமாம். யாராவது ரிசீவரை எடுத்தால் போச்சு.
தடி கோஆக்ஸ் கேபிள் — அதில் பல் வைத்துக் கடிக்கிற ஒரு கொக்கி. பெயரே ரத்தக்காட்டேரிக் கொக்கி. இதை நான் 'அடிப்படை' என்று படிக்கவேண்டும்.
டோக்கன் ரிங் — வில்லை ஒன்று சுற்றிச் சுற்றி வருமாம். அது கையில் வந்தவன் மட்டும் பேசலாம். மற்றவன் வாயை மூடிக்கொண்டு உட்காரவேண்டும்.
ஹப் — முட்டாள் பெட்டி.
ஐ.எஸ்.டி.என். — படித்தேன். மறந்தேன். மறுபடி படித்தேன்.
ஃபிரேம் ரிலே — நாளைக்கு.

அம்மா எட்டிப்பார்த்தாள். "முப்பத்திரண்டு வயசுல இன்னாடி பரீட்சை? யாராவது கேட்டா இன்னா சொல்றது?" செத்துப்போனவர்களைப் பற்றிப் படிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். "சனிக்கெழம அதுவுமா" என்று திட்டிவிட்டுப் போனாள்.

கேஸ் புக் பண்ணணும்.

மே 4, ஞாயிறு

இன்றைக்கு அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இத்தனை நாள் அடித்தது ஒத்திகையாம்.

முதல் வகுப்பு. கம்பெனி பேசிவைத்த கோச்சிங் சென்டர். பஜாரில் பாத்திரக்கடை மாடி. கீழே குடம் தட்டுகிற சத்தம், மேலே சாரங்கபாணி சார். இனி ச.பா.

ச.பா.: ஐம்பத்தைந்து இருக்கும். முழுக்கை சட்டை, கை பட்டன் வரை பூட்டு. இந்த வெயிலில்! 'ரௌட்டர்' என்று சொல்வதில்லை. 'ரூட்டர்'. போர்டில் எழுதுமுன் சாக்பீஸை ரெண்டாக உடைத்துக்கொள்கிறார். பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறார், பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்த மாதிரி.

எங்கள் ஆபீஸிலிருந்து நானும் டில்லியும். டில்லி கேபிள் இழுக்கிற பையன்களுக்கு லீடர், கல்யாணமானவன், ரெண்டு குழந்தை. என்னை 'அக்கா' என்பான், எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. மற்றவர்கள் பொதட்டூர்பேட்டை, கனகம்மாசத்திரம் கிளைகளிலிருந்து. எல்லாரும் நோட்டைத் திறந்துவைத்துப் பயபக்தியோடு.

ஒரு மணி நேரம் போனபின் ச.பா. இரும்பு அலமாரியைத் திறந்து மஞ்சள் துணியில் சுற்றிய எதையோ எடுத்தார். சாமி விக்கிரகம் மாதிரி. பிரித்தால் — ஹப். எட்டு ஓட்டை. மின்சாரம் கொடுத்தார். பச்சை விளக்குகள் மினுங்கின. "எல்லாரும் கிட்ட வந்து பாருங்க" என்றார். போனார்கள்! எட்டிப்பார்த்தார்கள்!

"ஒரு போர்ட்ல வர்றத எல்லா போர்ட்டுக்கும் குடுத்துடும். யாருக்குன்னு பாக்காது. எவ்ளோ அழகு பாருங்க."

அழகாம்.

"சார், இத பேரீச்சம்பழத்துக்குப் போட்டாகூட அவன் எடுத்துக்க மாட்டான் சார்."

வாயில் வந்துவிட்டது. சத்தமாக வந்துவிட்டது. முதலில் டில்லி கெக்கெக்கே. அப்புறம் பொதட்டூர்பேட்டை. அப்புறம் மொத்த ரூமும். நானும் சிரித்தேன், ஏன் பொய். கண்ணில் தண்ணி வரும் வரைக்கும்.

ச.பா. பிளக்கைப் பிடுங்கினார். துணியில் சுற்றினார். அலமாரியைப் பூட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"பேரு இன்னாம்மா?"

"கோமளா சார்."

"கோமளா, வெளிய போ. இனிமே வராத."

போய்விட்டேன். கீழே கரும்பு ஜூஸ் குடித்தேன். ஐஸ் அதிகம்.

மே 5, திங்கள்

ஆபீஸ் முழுக்கத் தெரிந்திருக்கிறது. டில்லியின் வாய் ஒரு ஹப்.

புது மேனேஜர் கூப்பிட்டார். சென்னைப் பையன், இருபத்தாறு இருந்தால் அதிகம். வருகைச் சான்று வேண்டுமாம். கோச்சிங் மாஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி பரீட்சைக்கு நாள் போடும். "யூ ஆர் மை பெஸ்ட் பர்சன், கோமளா. ப்ளீஸ் சார்ட் இட் அவுட்" என்கிறார். பெஸ்ட் பர்சனைத்தான் பில் புத்தகத்தோடு தெருவில் விடப்போகிறீர்களா என்று கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வாய் போதும்.

முகூர்த்த நாள் வேறு. பைபாஸ் பக்கம் ஒரு மண்டபத்திலிருந்து போன் மேல் போன். லைவ் போகவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் அமெரிக்காவில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானாம். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தால் சமையல்காரர் எங்கள் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிரைண்டர் போட்டிருக்கிறார். கேட்டால் "சட்னி முக்கியம்மா" என்கிறார். மாட்டினேன். அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது. அமெரிக்காவில் தெரிந்தது ஐயரின் முதுகு மட்டும்.

பெண்ணின் அப்பா என்னைத் திட்டினார். சமையல்காரரைத் திட்டவில்லை. பந்தி பாக்கியிருக்கிறதே.

சாப்பிடாமல் வந்தேன். அப்புறம் வருத்தப்பட்டேன். வடை நல்ல வாசனை.

மே 7, புதன்

அம்மா ரெண்டு நாளாக ஒரே பல்லவி. "மன்னிப்பு கேட்டா வாய்ல இருக்குற முத்து உதிர்ந்துடுமா?" நைனா தட்டைக் கழுவிக்கொண்டே, "பில்லு வசூல்னா நம்ம தெருவுக்கும் வருவியா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி போதும்.

சாயங்காலம் போனேன். பாத்திரக்கடை ஏணிப்படி. ச.பா. தனியாக உட்கார்ந்து போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியால். மூலை மூலையாக.

"சார், அன்னிக்கி சிரிச்சது தப்பு சார்."

"எது தப்பு? சிரிச்சதா, சொன்னதா?"

மாட்டிக்கொண்டேன். "சிரிச்சது" என்றேன். அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னது தப்பில்லை. அதை அவரும் விட்டுவிட்டார்.

"டோக்கன் ரிங் சொல்லு."

நின்றபடியே சொன்னேன். வில்லை சுற்றுவது, காலி வில்லை, நிறைந்த வில்லை, வில்லை தொலைந்துபோனால் கண்காணிக்கிற மெஷின் புது வில்லை விடுவது. ஒப்பித்தேன். எல்.கே.ஜி. பாப்பா கணக்காக. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரே இடத்தில் திருத்தினார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். கூசியது.

கையெழுத்துப் போட்டார். நீட்டும்போது சொன்னார்: "உனக்கு இன்னா தெரியும்னு பரீட்சை வெக்கிறவன் கேக்க மாட்டாம்மா. அவனுக்கு இன்னா தெரியுமோ அதத்தான் கேப்பான். அத எழுதிட்டு வா. மிச்சத்த ஊருக்கு வந்து செய்."

இதுவரை அந்த ரூமில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான விஷயம். அதையும் அவர்தான் சொல்லவேண்டுமா.

மே 9, வெள்ளி

பரீட்சை 14, புதன், சென்னை. டில்லிக்கு மாசக் கடைசியில். தப்பித்தான்.

ஆபீஸில் மத்தியானம் போன் குறைவு. டில்லி கேள்வி கேட்கிறான், நான் பதில். இன்றைக்கு 'ரிப்', தகவலுக்கு வழி தேடுகிற பழைய முறை.

"அக்கா, ரிப்பு எத்தினி தாவலு?"

"பதினஞ்சு. பதினாறாவது வந்தா வழியே இல்லன்னு படுத்துக்கும்."

"நம்ம மேனேஜரு மாதிரி."

நடுவில் ஒரு போன். எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து ஒரு பெரியவர். "அம்மா, நெட் ராலேது." நெட் வரவில்லையாம். எங்கள் லைனே அங்கே கிடையாது. தெலுங்கில் சொன்னேன். கேட்கவில்லை. யாருடைய பெட்டி என்று அவருக்கே தெரியாது. கடைசியில் அணைத்துவிட்டுப் போடச் சொன்னேன். வந்துவிட்டது! "நூறாண்டு நல்லா இரு" என்று தெலுங்கில் வாழ்த்து. எட்டு வருஷ அனுபவத்தின் சாரம்: அணைத்துவிட்டுப் போடு. இதைக் கேட்கிறானா பரீட்சையில்?

ஐ.எஸ்.டி.என். இன்னும் மண்டையில் ஏறவில்லை. பேச ரெண்டு பாதை, தகவலுக்கு ஒரு குட்டிப் பாதை. குட்டியின் வேகம் என்ன? சாப்பாட்டுக்கு முன் தெரிந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் போய்விட்டது. தயிர்சாதம்.

மாம்பழம் வாங்கணும். பங்கனப்பள்ளி வந்துவிட்டது.

டில்லி கிளம்பும்போது சொன்னது: "அந்த சாரு பாவம்க்கா. பாஸ்கர் ஓனரு அவர எல்லாரு முன்னாடியும் திட்டிகினு இருந்தாரு. 'உங்கள வெச்சிகினு நான் இன்னா பண்றது'ன்னு." பாஸ்கர்தான் கோச்சிங் சென்டர் முதலாளி. பாத்திரக்கடையும் அவருடையதே. குடம் விற்கிறவன் நெட்வொர்க் சொல்லிக்கொடுக்கிறான். ரெண்டிலும் ஓட்டை இருக்கக்கூடாது, அவ்வளவுதான் சம்பந்தம்.

ஏன் திட்டினார் என்று டில்லிக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கென்ன.

மே 13, செவ்வாய்

படிப்பு. படிப்பு. தூ.

மே 14, புதன்

வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, இப்போதுதான் உட்கார்கிறேன். வரிசையாக எழுதுகிறேன். இல்லையென்றால் மண்டைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

காலை முதல் வண்டி. அம்மா தலையில் பூ வைத்துவிட்டாள். அந்தப் பூ அரக்கோணம் தாண்டுமுன்பே வாடிவிட்டது. கூட்டத்தில் நின்றபடி ஃபிரேம் ரிலே. பக்கத்தில் நின்ற பெண் எட்டிப்பார்த்து, "டாக்டருக்கா படிக்கிறீங்க?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். போஸ்ட் மார்ட்டம் டாக்டர்.

பரீட்சை இடம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர். இந்தக் குளிருக்காகவே ஃபெயிலாகித் திரும்பத் திரும்ப வரலாம். வாசலில் சோதனை. வளையல் கழற்று, ஹேர்பின் கழற்று, கைக்குட்டையை உதறு. என்ன கடத்தப்போகிறேன், ஹப்பையா?

எனக்கு முன்னால் ஒருத்தர் சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொல்லியும் மடிக்கத் தெரியாமல் பட்டனோடு போராடிக்கொண்டிருந்தார். முழுக்கை சட்டை.

ச.பா.

என்னைப் பார்த்தார். பார்க்காத மாதிரி சுவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் எங்களோடு பரீட்சை எழுதுகிறார்! சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வளையலைக் கழற்றிக் கொடுத்தேன்.

முதல் பகுதி: குப்பைமேடு. ஒவ்வொரு கேள்விக்கும் நிஜத்தில் என்ன செய்வேன் என்று ஒரு பதில் மனசில் வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் புத்தகத்துப் பதிலைத் தொட்டேன். ஒரு கேள்வி: 'ஆபீஸில் நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது, புது ஹப் வாங்கலாமா, இரண்டாவது ஹப் சேர்க்கலாமா?' ஐயா, ரெண்டையும் தூக்கி எறியலாம். அந்தப் பதில் இல்லை. ஐ.எஸ்.டி.என். குட்டிப் பாதை வந்தது. தெரியவில்லை. குத்துமதிப்பாகத் தொட்டேன். ரெண்டாம் பகுதி கை தானாகப் போயிற்று.

முடித்து அமுக்கினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. முதல் பகுதி: பாஸ், கரையோரம். ரெண்டாம் பகுதி: பாஸ், தாராளமாக. நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பில் புத்தகம் இல்லை. இனி இல்லை.

வெளியே ரிசப்ஷனில் மார்க் தாள் வாங்க வரிசை. ச.பா. மறுபடி எனக்கு முன்னால். தாள் கொடுக்கிற பெண்ணுக்குக் கோயில் ஸ்பீக்கர் குரல்:

"சார், ஃபர்ஸ்ட் பார்ட் ஃபுல் மார்க் சார், சூப்பர். செகண்ட் பார்ட் ஃபெயில். உங்களுக்கு இது மூணாவது தடவ இல்ல சார்?"

எல்லாரும் திரும்பினார்கள். அவர் தாளை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். பையில் வைத்தார். "ஆங், மூணாவதும்மா. தேங்க்ஸும்மா" என்றார் அவளிடம். மரியாதையாக.

சாயங்கால வண்டியில் வேறு பெட்டிக்குப் போகத்தான் நினைத்தேன். ஏறினபின் பார்த்தால் எதிர் ஸீட்டில் அவர். எழுந்து போனால் அசிங்கம். உட்கார்ந்தேன். திருவள்ளூர் வரை ரெண்டு பேரும் ஜன்னல்.

"இன்னாச்சு?" என்றார் கடைசியில்.

"ரெண்டும் பாஸ் சார். மொதல்ல பார்டர்."

"எத உட்ட?"

"ஐ.எஸ்.டி.என். குட்டிப் பாதை."

"பதினாறு கிலோபிட். மொத வாரமே போர்டுல எழுதினேன்."

"அந்த வாரம் நீங்க வெளிய அனுப்பிட்டீங்க சார்."

சிரித்தார். பல் நன்றாகவே இருக்கிறது. முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

அப்புறம் அவராகவே சொன்னார். சான்றிதழ் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லுமாம். அவர் வாங்கினது எப்போதோ காலாவதி. பழைய சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார், யாரும் தேதியைப் பார்த்ததில்லை. கம்பெனிக்காரன் பார்த்தான். சென்டரில் ஒரு ஆளாவது செல்லுபடியாகும் சான்றிதழோடு இருந்தால்தான் எங்களை அங்கே அனுப்புவானாம். பாஸ்கர் இந்த மாசம் வரைக்கும் கெடு கொடுத்திருக்கிறார்.

மணவூரில் வண்டி நின்றது. வெள்ளரிக்காய்க்காரி ஏறினாள். ஒரு பத்தை வாங்கி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"கோமளா, இந்த வொய்ஃபை பாஸ்வேர்டு பூட்டு இருக்குதில்ல, ரெண்டாவது வகைக்கும் மூணாவது வகைக்கும் இன்னா வித்தியாசம்? படிச்சிட்டேன். வார்த்தை புரியுது. விஷயம் புரியல."

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல, "வீட்ல ரௌட்டர்ல செட்டிங்ஸ் தொறந்து பாருங்க சார், அதுலயே..." என்றேன்.

"வூட்ல நெட்டு இல்லம்மா."

"இல்லியா?"

"வூட்டுக்காரம்மா போனப்புறம் யாருக்கு? ஒருத்தனுக்கு எதுக்கு."

ஊரில் பாதி வீட்டுக்குக் கொடுக்கிறோம். மீதிப் பாதியில் இவர் வீடு. நெட்வொர்க் மாஸ்டர்!

திருத்தணி ஸ்டேஷனில் இறங்கும்போது: "பாஸ்கர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ சொல்லாத."

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்."

அம்மா சர்க்கரை போட்டாள் வாயில். நைனா ஸ்டாண்டில் எல்லா ஆட்டோக்காரருக்கும் டீ வாங்கிக்கொடுத்தாராம். நான் பாஸான சந்தோஷமே இன்னும் வரவில்லை. நாளைக்கு வருமோ.

மே 15, வியாழன்

வந்தது, கொஞ்சம். மேனேஜர் கை கொடுத்தார். டில்லி கேக். கேக்கில் என் பெயரைக் 'கோமாளா' என்று எழுதியிருக்கிறான் பேக்கரிக்காரன். தின்றோம்.

மத்தியானம் பாஸ்கர் போன். குரல் ஜாங்கிரி.

"மேடம், வாழ்த்துக்கள். டில்லி சொன்னாப்ல. நேரா விஷயத்துக்கு வர்றேன். ஞாயித்துக்கெழம க்ளாஸ் நீங்க எடுக்கலாமே? முழுசா. உங்க சர்டிபிகேட்ட ஃபிரேம் போட்டு மாட்டிர்றேன்."

"சாரங்கபாணி சார்?"

"அவரு இனிமே எதுக்கு? சொல்லுங்க, அவரு எழுதினாரா? பாஸா? போன எடுக்க மாட்டேங்குறாரு."

நாலு வார்த்தையில் முடிந்திருக்கும். என்னை வெளியே போ என்றவர். ரெண்டு வாரம்கூட ஆகவில்லை.

"தெரியாதுங்க. யோசிச்சு சொல்றேன்" என்றேன்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று அம்மா கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருமானம், ஊரில் மதிப்பு, பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் சரி. அவள் சொன்னது எல்லாமே சரி.

ஆனால் நான் ஒரு ரூம் நிறைய ஆட்களுக்கு முன்னால் நின்று டோக்கன் ரிங் சொல்லிக்கொடுப்பதா? கற்பனை பண்ணிப் பார்த்தேன். ரெண்டாவது வரியிலேயே காறித் துப்பிவிடுவேன். எல்லாரும் ஃபெயிலாகிவிடுவார்கள். டில்லி பில் வசூலுக்குப் போவான்.

அந்தக் குப்பையை முகம் சுளிக்காமல் சொல்ல இந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான்.

மே 16, வெள்ளி

பாத்திரக்கடை. பாஸ்கர் கல்லாவில். இட்லிக்கொப்பரைகளுக்கு நடுவே பேச்சுவார்த்தை.

"எடுக்கிறேன். ரெண்டாம் பகுதி மட்டும். வொய்ஃபை, ஃபைபர், புது ஐ.பி. அட்ரஸ், எல்லாம்."

"முழுசா எடுத்தா..."

"மொத பகுதி எனக்கு வாய்ல வராது. அந்தக் கழிசடையெல்லாம் நான் தொட மாட்டேன். அதுக்கு அவரையே வெச்சுக்கங்க."

"அவரு ஃபெயிலு மேடம். நேத்து ராத்திரி வூட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. ராஜினாமாவும் குடுத்துட்டாரு."

சொல்லிவிட்டிருக்கிறார். அவராகவே.

"கம்பெனிக்கு ஒரு சர்டிபிகேட் போதுந்தானே? என்னுது மாட்டுங்க. மொத பகுதியில அவருக்கு ஃபுல் மார்க்கு. எனக்கு பார்டர். யாரு எடுத்தா உங்க பசங்க பாஸாவாங்க?"

பாஸ்கர் ஒரு குண்டானைத் தட்டிப் பார்த்தார். வியாபாரி. சத்தத்தில் முடிவெடுப்பார் போல.

"அவரு இல்லன்னா நானும் இல்ல" என்றும் சொன்னேன். இது நான் வீட்டிலிருந்து யோசித்து வந்த வாக்கியம் இல்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை. வெயில்.

"சரி மேடம். ஆளுக்குப் பாதி."

வரும்போது ஒரு வடிகட்டி வாங்கினேன். தள்ளுபடி கொடுக்கவில்லை.

மே 17, சனி

ஆபீஸ் வாசலில் ச.பா. வியர்வையில் முழுக்கை சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. தெருவிலேயே.

"யாரக் கேட்டு எனக்காகப் பேசின?"

"உங்களுக்காகப் பேசல சார்."

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வந்தவன் நான். பாஸ்கர் போன் பண்றான், கோமளா மேடம் சொல்லிட்டாங்க வாங்கன்றான். கோமளா மேடம்! நான் உன்ன வெளிய போன்னு சொன்னவன்."

"ஆங். சொன்னீங்க."

"அப்ப எதுக்கு இந்தப் பரிதாபம்?"

எதிர்க்கடைக்காரர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்க்கிறார். டில்லி ஜன்னலில். என் காது சூடு.

"பரிதாபம் இல்ல சார். அந்தக் குப்பைய சொல்லிக்குடுக்க எனக்கு மானம் இல்லியா? உங்களுக்கு அது அழகாத் தெரியுது. எனக்கு வாந்தி வருது. வாந்தி எடுத்துகினே க்ளாஸ் எடுக்க முடியாது. அவ்ளோதான்."

அதிகம் பேசிவிட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்புறம்:

"என் க்ளாஸு மொதல்ல. உன்னுது அப்புறம். அடிப்படை இல்லாம நீ சொல்றது ஒண்ணும் புரியாது பசங்களுக்கு."

"சரி சார்."

"நடுவுல வந்து எட்டிப் பாக்கக்கூடாது."

"நான் ஏன் சார் பாக்கப்போறேன்."

போனார். ரெண்டடி போய்த் திரும்பி வந்தார். "வூட்டுக்கு ஒரு கனெக்ஷன் குடுக்கணும்னா எத்தினி நாளாகும்?"

டில்லியை அனுப்பினேன். சாயங்காலமே போட்டுவிட்டு வந்துவிட்டான். வந்து சொல்கிறான்: "அக்கா, பெட்டிய தொறந்து உள்ள இன்னா இருக்குதுன்னு கேக்குறாரு. வாரண்டி போயிடும்னேன். அப்பகூட ஸ்க்ரூட்ரைவர கீழ வெக்கல."

மே 18, ஞாயிறு

இன்றும் டிவியில் நம் ஊர். நைனா சவுண்டைக் கூட்டினார்.

என் வகுப்பு பதினொரு மணி. முன்னாலேயே போய்விட்டேன், முதல் நாளாயிற்றே. படியேறினால் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ச.பா. குரல். பதினொன்று ஆயிற்று. டோக்கன் ரிங். பதினொன்றும் தாண்டியாயிற்று. இன்னும் வில்லை சுற்றிக்கொண்டிருக்கிறது. கதவைத் தட்டினேன்.

"இரும்மா, இதோ முடிச்சிடறேன்."

முடிக்கவில்லை. யாரோ சந்தேகம் கேட்டான். அவனுக்குப் பதில். பதிலுக்குள் இன்னொரு கதை. பொதட்டூர்பேட்டைக்காரன் சிரிக்கிறான், கேலியாக இல்லை, நிஜமாகவே. வராண்டாவில் நிழலே கிடையாது. தகரக் கைப்பிடி தொட்டால் சுடுகிறது. பாஸ்கர் கீழேயிருந்து "மேடம், மோர் அனுப்பட்டுமா?" என்கிறார். வேண்டாம் என்றேன்.

மறுபடி தட்டவில்லை. திறந்துகொண்டு உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ச.பா. ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தார். சாக்பீஸை உடைத்தார். தொடர்ந்தார்.

ஃபேன் காற்றுக்காக மட்டும்தான் போனேன். அவர் முடிக்கும் வரை முழுசாக உட்கார்ந்தேன்.